இத்தாலிய மலையூர்க் கல்வீட்டு வரிசை: முகப்புச் சுவர் கவிழும் கணக்கு 0.33 காட்டுகிறது, நம்பலாமா?

சாரம்கட்டி

வணக்கம். மத்திய இத்தாலியில் லாக்விலா பக்கத்து மலையூர் ஒன்றை மனதில் வைத்து மாதிரிக் கணக்கு ஒன்று போட்டிருக்கிறேன். தெருவோரம் ஒன்றோடொன்று ஒட்டிய ஏழு கல்வீடுகள். அதில் ஓரத்து வீட்டின் முகப்புச் சுவரை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

தரைத்தளமும் மேலே இரண்டு தளமும். சுவர் உயரம் 9 மீட்டர், தடிப்பு 60 செ.மீ. ஒழுங்கில்லாத கல், சுண்ணாம்புச் சாந்து. தளத்தின் மரக் கட்டைகள் முகப்புக்கு இணையாக ஓடுகின்றன, அதனால் தளத்தின் எடை இந்தச் சுவர்மேல் இறங்கவில்லை. குறுக்குச் சுவரோடு மூலையில் கவ்வல் இல்லை என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு மீட்டர் அகலத்துக்கு எடை: 0.6 × 9 × 19 = 102.6 கிலோநியூட்டன். சுவர் தன் வெளி விளிம்பில் சுழன்று தெருப்பக்கம் கவிழ்கிறது என்றால், கவிழ்க்கத் தேவையான பக்கவிசை எடையில் எத்தனை பங்கு? தடிப்பு ÷ உயரம் = 0.067. சுவரைப் பற்றிய அறிவு நிலை மிகக் குறைவு என்பதால் 1.35ஆல் வகுத்து, இத்தாலிய விதி அனுமதிக்கும் நடத்தைக் காரணி (சுவர் உடனே விழாமல் ஆடித் தாங்குவதற்கான சலுகை) 2ஆல் பெருக்கினால் 0.099 ஜி (ஜி என்றால் புவியீர்ப்பு முடுக்கம்). லாக்விலாவுக்கு 475 ஆண்டு மீள்காலத் (சராசரியாக அத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய) தரை முடுக்கம் சுமார் 0.26 ஜி, மண் பெருக்கத்தோடு 0.30 என்று எடுத்தேன். தாங்குதிறனுக்கும் தேவைக்கும் உள்ள விகிதம் 0.33.

கேள்விகள் இரண்டு. இந்த 0.33ஐ நம்பலாமா? ஊரில் 600 வீடு இருந்தால் இதையே 600 தடவை போடுவதா, இல்லை இத்தாலியில் பழைய கட்டடங்களுக்குப் போடும் 11 கேள்விப் படிவம் போதுமா?

தூக்குக்குண்டு

கணக்கு தப்பில்லை. ஆனால் சுழலும் புள்ளியைச் சரியாக வெளி விளிம்பில் வைத்துவிட்டீர்கள். கல் நசுங்காது என்றால்தான் அது செல்லும். ஒழுங்கற்ற கல்கட்டுக்கு இத்தாலியக் கட்டட விதியின் 2019 சுற்றறிக்கை அட்டவணை தரும் அழுத்த வலிமை 1 முதல் 2 மெகாபாஸ்கல். கீழ் மதிப்பான 1 வைத்தால், 102.6 கிலோநியூட்டனைத் தாங்க அடியில் சுமார் 10 செ.மீ அகலப் பட்டை வேண்டும். அந்தப் பட்டையின் நடுவில் சுழல்வதாகக் கொண்டால் நெம்புகை (சுவரின் நடுக்கோட்டிலிருந்து சுழலும் புள்ளிவரை உள்ள தூரம்) 30 செ.மீட்டரிலிருந்து 25 ஆகக் குறையும். 0.067 என்பது 0.056 ஆகிவிடும்.

இதைக் கணக்கில் எடுக்காமல் விட்டால், எவ்வளவு ஆய்வு செய்திருந்தாலும் 1.35ஐக் குறைக்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. நிறையச் சோதனை செய்துவிட்டேன், 1.0 போடுகிறேன் என்று கிளம்புவார்கள் சிலர். அந்த வேலை வேண்டாம்.

ஊடுகல்

அதெல்லாம் இரண்டாவது. முதலில் கேட்க வேண்டியது, அது *ஒரே* சுவரா என்பது.

தடிப்பு ÷ உயரம் என்ற கணக்கு, சுவர் முழுசாக ஒரு பலகைபோலச் சாயும் என்ற நம்பிக்கையின்மேல் நிற்கிறது. அப்ரூஸோ, லாட்சியோ மலையூர்களில் 60 செ.மீ சுவர் என்பது பெரும்பாலும் இரண்டு தோலும் நடுவில் கல்சில்லு நிரப்பும்தான். வெளித்தோல் 25, நிரப்பு 10, உள்தோல் 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கோர்க்கும் நீளக் கல் இல்லையென்றால் வெளித்தோல் தனியாகப் பிரியும். 25 செ.மீ ÷ 9 மீட்டர் = 0.028. உங்கள் 0.067இல் பாதிகூட இல்லை. இதிலும் நிரப்பு உள்ளிருந்து தள்ளுவதைச் சேர்க்கவில்லை.

சாந்து மண்ணாகவும் கல் உருண்டையாகவும் இருந்தால் தோல் சாய்வதற்கு முன்பே குலைந்து கொட்டிவிடும். அப்போது எந்தக் கவிழும் முறைக்கும் பொருள் இல்லை. 2016 ஆகஸ்ட் 24 அதிகாலை நிலநடுக்கத்தில் அமாத்ரிசே ஊரில் கண்டது இதைத்தான். கற்குவியல்தான் கிடந்தது, சுவர் துண்டாக விழுந்த இடங்கள் குறைவு. அந்த ஊர் நிலையத்தில் பதிவான உச்ச முடுக்கம் சுமார் 0.87 ஜி என்பதும் உண்மை. அவ்வளவு குலுக்கலில் நல்ல கட்டும் அடிவாங்கும். ஆனாலும் குவியலாவதற்கும், விரிசல் விட்டு நிற்பதற்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைச் சுவரின் உட்கட்டுதான் தீர்மானிக்கிறது.

நமக்கு இது புதிதில்லை. 1993 செப்டம்பர் 30 கில்லாரி நிலநடுக்கத்திலும் மண்சாந்துக் கல்சுவர்களின் இரண்டு தோலும் பிரிந்துதான் கொட்டின. அதனால்தான் இந்தியத் தர விதியான ஐஎஸ் 13828, கல்சுவர் 45 செ.மீக்கு மேல் தடிக்கக் கூடாது, 60 செ.மீ உயரத்துக்கு ஒருமுறை, கிடைமட்டமாக 1.2 மீட்டருக்கு மிகாமல், முழுத் தடிப்புக்கும் ஊடுருவும் கல் வைக்க வேண்டும் என்கிறது. தடிப்பு கூடினால் பலம் கூடும் என்று நினைக்கிறவர்களுக்கு அந்த 45 செ.மீ வரம்பு விசித்திரமாகத் தெரியும். காரணம் எளிது: தடிப்பு கூடக்கூட ஒரே கல் குறுக்கே எட்டாது, நடுவில் குப்பைதான் சேரும்.

சாரம்கட்டி

சரி அண்ணா. அப்போ உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? பிளாட் ஜாக் சோதனை (சுவரில் பிளவு வெட்டி, தட்டையான அழுத்தத் தகடு நுழைத்து அளப்பது) போதுமா?

ஊடுகல்

ஒழுங்கற்ற கல்லில் பிளாட் ஜாக் பெரும்பாலும் காசுக்குக் கேடு. தகடு நுழைய நேர்க்கோட்டில் பிளவு வெட்ட வேண்டும். படுக்கை இணைப்பே இல்லாத சுவரில் அந்தப் பிளவு கல்லை அறுக்கும், சுற்றியுள்ள கல் அசையும், வரும் எண் எதைச் சொல்கிறது என்று யாருக்கும் தெரியாது. செங்கல் சுவருக்கோ, அடுக்கு ஒழுங்காக உள்ள கல்லுக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பூச்சை உரியுங்கள். 1 மீட்டருக்கு 1 மீட்டர், அதைவிடச் சின்னதாக வேண்டாம். மூலையில் ஒன்று, சுவர் நடுவில் ஒன்று, தளக் கட்டை சுவரில் உட்காரும் இடத்தில் ஒன்று. பிறகு இத்தாலியில் போர்ரி, தெ மரியா இருவரும் கொண்டுவந்த கட்டுத்தரக் குறியீடு. ஏழு விஷயம் பார்க்கும்: கல்லின் வலிமை, அளவு, வடிவம், குறுக்கே ஊடுகல் உண்டா, படுக்கை வரிசை கிடையாக ஓடுகிறதா, நிற்கும் இணைப்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் மாறுகின்றனவா, சாந்து எப்படி. ஒவ்வொன்றுக்கும் நிறைவு, அரைகுறை, இல்லை என்று மூன்றில் ஒரு பதில். ஆறைக் கூட்டி, கல்லின் வலிமையால் பெருக்குவது. அதாவது கல்லே உதிர்கிறது என்றால் மற்ற ஆறும் நன்றாக இருந்து பயனில்லை.

இணைப்பு மாற்றத்தைக் கண்ணால் ஊகிக்காமல் அளக்கலாம். உரித்த இடத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்கு, கல்லைக் கடக்காமல் சாந்துக் கோடு வழியாகவே கீழிருந்து மேலே போகும் மிகக் குறுகிய பாதையை நூலால் அளவெடுங்கள். 160 செ.மீக்கு மேல் வந்தால் கோர்ப்பு நன்று. 140க்குக் கீழே என்றால் அந்தச் சுவர் நெடுக்கே பிளக்கத் தயாராக நிற்கிறது. ஒரு நூல் உருண்டை, ஒரு டேப், பத்து நிமிடம்.

விரிசல்வாசி

மேலே எல்லாரும் ஒரே வீட்டையே சுற்றிவருகிறீர்கள். தலைப்பில் "வரிசை" என்று இருக்கிறதே?

பழைய ஊரில் தனி வீடு கிடையாது, தொகுதிதான் உண்டு. இதை அன்டோனினோ ஜுஃப்ரே 1990களில் சிராகுசாவின் ஒர்தீஜியா தீவை வைத்து அழுத்திச் சொன்னார். தொகுதி எந்த வரிசையில் வளர்ந்தது என்பதை முதலில் கண்டுபிடி, பலவீனம் தானே தெரியும் என்பது அவர் வழி. முதலில் இரண்டு வீடு தள்ளித்தள்ளிக் கட்டியிருப்பார்கள். நூறு வருடம் கழித்து நடுச் சந்தை மூடி மூன்றாவது வீடு எழுப்பியிருப்பார்கள். அந்த நடுவீட்டுக்குச் சொந்தப் பக்கச்சுவரே இருக்காது. முன்னும் பின்னும் இரண்டு சுவரை அண்டை வீடுகளின் பக்கச்சுவரில் ஒட்டிவைத்திருப்பார்கள், பல் கோர்க்காமல். சாரம்கட்டியின் "மூலையில் கவ்வல் இல்லை" என்ற அனுமானம் அங்கே நிஜம். மற்ற வீடுகளில் அது தேவைக்கு மீறிய பயம்.

தெருவில் நின்றே பார்க்கலாம். முகப்பில் அடிமுதல் கூரைவரை நேர்க்கோடாக ஒரு கீற்று ஓடினால் அது விரிசல் இல்லை, இரண்டு காலத்துக் கட்டின் எல்லை. அதன் இருபுறமும் சன்னல் மட்டம் மாறுகிறதா பாருங்கள். மாறினால் உள்ளே தள மட்டமும் மாறுகிறது. அடுத்த வீட்டின் தளம் உங்கள் சுவரின் நடுவயிற்றில் இடிக்கும்.

ஓரத்து வீட்டை எடுத்தது நல்ல தேர்வு. வரிசையின் நடுவீடுகள் ஒன்றையொன்று தாங்கும். மொத்தத் தள்ளலும் கடைசி வீட்டில் போய் முடியும், அதற்கு அப்பால் தாங்க யாரும் இல்லை. மூலை வீடு, அண்டை வீட்டைவிட ஒரு மாடி உயர்ந்த வீடு, இவையும் அதே கதி.

நீறுசாந்து

600 வீட்டுக் கேள்விக்கு வருகிறேன். அந்தப் 11 கேள்விப் படிவம் ஜிஎன்டிடி (இத்தாலியின் தேசிய நிலநடுக்கப் பாதுகாப்புக் குழு) இரண்டாம் நிலைப் படிவம்தானே? ஒவ்வொரு கேள்விக்கும் ஏ முதல் டி வரை தரம், எடை போட்டுக் கூட்டினால் 0 முதல் 382.5 வரை, அதை நூற்றுக்கு மாற்றுவது. என் கருத்தில் அது வீட்டை மதிப்பிடும் கருவி இல்லை. வரிசைப்படுத்தும் கருவி. 62 வாங்கிய வீடு 55 வாங்கியதைவிட மோசம் என்று சொல்ல முடியாது. 20க்கும் 70க்கும் வித்தியாசம் உண்டு, அவ்வளவுதான்.

தொகுதிக்கு அதை அப்படியே போடக் கூடாது. தனி வீட்டை நினைத்து எழுதிய படிவம் அது. நேப்பிள்ஸ் ஆய்வாளர்கள் அதில் பத்துக் கேள்வியை வைத்துக்கொண்டு, புதிதாக ஐந்து சேர்த்து 15 ஆக்கினார்கள்: அண்டை வீட்டோடு உயர வித்தியாசம், வரிசையில் இடம், தள மட்ட மாறுபாடு, கட்டுமான வகை மாறுபாடு, முகப்புத் திறப்புகளின் பரப்பு வித்தியாசம். விரிசல்வாசி சொன்னதெல்லாம் இந்த ஐந்தில் அடக்கம்.

சேத எதிர்பார்ப்பு வேண்டுமென்றால் ஈஎம்எஸ்-98 (ஐரோப்பிய நிலநடுக்கத் தீவிர அளவுகோல்) சொல்லும் கட்டட வகையைப் பிடித்து, லகோமார்சீனோ, ஜோவினாட்ஸி சூத்திரம் போடலாம். ஒழுங்கற்ற கல்லுக்குப் பலவீன எண் 0.873. பெரிய செதுக்குக் கல்லுக்கு 0.616. தீவிரம் (அந்த இடத்தில் உணரப்படும் குலுக்கலின் அளவு) 9 வந்தால் முதல் வகையின் சராசரிச் சேதம் ஐந்துக்கு 3.8, இரண்டாவது 2.2. தீவிரம் 8இல் 2.9ம் 1.3ம். ஒரே ஊர், ஒரே குலுக்கல். ஒரு வகையில் சராசரி வீடே பகுதி இடிவை நெருங்குகிறது, மற்றதில் விரிசலும் பூச்சு உதிர்வும் புகைபோக்கிச் சேதமும். கல்லின் வகையைத் தவறாகக் குறித்தால் மொத்தக் கணக்கும் தவறிவிடும் என்பதற்காகச் சொல்கிறேன். பூச்சு போட்ட சுவரை வெளியிலிருந்து பார்த்து வகை குறிப்பதுதான் ஊர் அளவிலான கணக்கெடுப்பின் பெரிய ஓட்டை.

தூக்குக்குண்டு

ஊர் அளவில் சேத எண்ணைவிட முக்கியமானது தெரு. லாக்விலாவின் 2009 நிலநடுக்கத்துக்குப் பிறகு இத்தாலி "அவசரநிலைக்கான எல்லைநிலை" என்று ஓர் ஆய்வை 2012இல் கொண்டுவந்தது. ஊரில் மற்ற எல்லாம் போனாலும் நிற்க வேண்டியவை எவை? மீட்பு அலுவலகங்கள், மக்கள் கூடும் திடல்கள், அவற்றை இணைக்கும் சாலைகள். அந்தச் சாலையோரக் கட்டடத்தின் உயரம் தெரு அகலத்தைவிட அதிகமானால், அது விழுந்தால் வழி அடைபடும். "குறுக்கிடும் கட்டடம்" என்று வரைபடத்தில் குறிப்பார்கள்.

சாரம்கட்டியின் 9 மீட்டர் முகப்பு 3 மீட்டர் சந்தில் நிற்கிறது என்றால் அது சந்தேகமே இல்லாமல் பட்டியலில் வரும். முன்னுரிமையைத் தீர்மானிக்க இதுவே நல்ல வடிகட்டி. 600 வீட்டையும் கணக்குப் போட வேண்டாம். அவசர வழியில் குறுக்கிடும் தொகுதிகளை எடுங்கள், அவற்றில் ஓரவீடு, மூலைவீடு, உயர்ந்த வீடு, இடைச்செருகல் வீடு ஆகியவற்றை மட்டும் திறந்து பாருங்கள்.

மண்ணை மறக்க வேண்டாம். 2009இல் ஓன்னா சிற்றூர் கிட்டத்தட்ட அழிந்தது, தீவிரம் 9-10. மிக அருகிலேயே பாறைமேல் இருக்கும் மொந்தீக்கியோவில் 6. இரண்டிலும் ஒரே மாதிரிக் கல்வீடுகள்தான். ஓன்னா வண்டல்மேல் இருக்கிறது. உங்கள் ஊர் மலை முகட்டில் என்றால் நிலவடிவப் பெருக்கக் காரணியும் சேரும்: சரிவின் உச்சியில் 1.2, குறுகிய செங்குத்து முகட்டில் 1.4. 0.30 என்று எடுத்தீர்களே, 1.4 போட்டால் 0.42. விகிதம் 0.33 இல்லை, 0.24.

சாரம்கட்டி

குறித்துக்கொண்டேன். இப்போது சரிசெய்வதைப் பற்றி. முகப்பைப் பின்னால் உள்ள கட்டோடு இழுத்துப் பிடிக்கும் இழுகம்பி கட்டினால் கணக்கு இப்படி வருகிறது:

கவிழ்க்கும் திருப்புமை = பெருக்கி (பக்கவிசை எடையில் எத்தனை பங்கு என்ற எண்) × 102.6 × 4.5. பெருக்கி 0.20க்குக் கொண்டுபோக 92.3 கிலோநியூட்டன் மீட்டர் வேண்டும். சுவரின் சொந்த எடை தருவது 30.8. மீதி 61.5. கம்பி 8.7 மீட்டர் உயரத்தில் என்றால் மீட்டருக்கு 7.1 கிலோநியூட்டன். 4 மீட்டருக்கு ஒரு கம்பி என்றால் ஒவ்வொன்றிலும் 28. 24 மி.மீ விட்டமுள்ள சாதாரண எஃகுக் கம்பி விளைவது (மீளாமல் நீளத் தொடங்குவது) 106 கிலோநியூட்டனில். தேவையைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு! 16 மி.மீ போதும் போலிருக்கிறதே?

நீறுசாந்து

கம்பி போதும். சுவர் போதாது. இந்தத் தப்பு பலரும் செய்வது.

30 × 30 செ.மீ நங்கூரத் தகடு 60 செ.மீ சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். 45 பாகையில் விரிந்தால் பிய்யும் பரப்பு 4 × (0.3 + 0.6) × 0.6 = 2.16 சதுர மீட்டர். ஒழுங்கற்ற கல்லின் வெட்டு வலிமையில் அட்டவணையின் கீழ் மதிப்பு 0.018 மெகாபாஸ்கல். 1.35ஆல் வகுத்துப் பெருக்கினால் 29 கிலோநியூட்டன். உங்கள் தேவை 28. பொருளுக்கான பாதுகாப்புக் காரணி ஒன்றையும் சேர்க்காத நிலையிலேயே இப்படி. கம்பி மேல்தளத்தில் இருப்பதால் மேலிருந்து அழுத்தும் எடையும் குறைவு, உராய்வு கைகொடுக்காது. இரண்டு தோல் சுவராக இருந்தால் 60 செ.மீ விரிவு என்பதே பொய். தகடு வெளித்தோலை மட்டும் துளைத்து நிரப்பில் புதையும்.

எனவே கம்பியைத் தடிக்கவைக்காமல் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். குறுக்குச் சுவரின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக, இணையாக. சதுரத் தகடுக்குப் பதில் பழைய பாணி நீளத் தண்டு நங்கூரம் 45 பாகை சாய்வில், ஒரு முனை குறுக்குச் சுவரிலும் மறுமுனை தள விளிம்பிலும் ஊன்றும்படி. பழைய கொல்லர்கள் அதை அழகுக்குச் சாய்த்து வைக்கவில்லை.

ஊடுகல்

கூடவே இரண்டு விஷயம். மேலே மட்டும் கம்பி கட்டினால் சுவர் மேலும் கீழும் பிடிபட்டு நடுவயிறு வெளியே பிதுங்கும். ஒவ்வொரு தள மட்டத்திலும் கட்டவேண்டும், இந்தப் புதிய முறைக்கும் தனியாகக் கணக்குப் போடவேண்டும். இரண்டாவது, கம்பி தொய்வாக இருந்தால் மூலையில் விரிசல் திறந்த பிறகுதான் அது வேலையைத் தொடங்கும். திருகு இறுக்கி உள்ளதா, தகட்டின் பின்னால் சாந்து நிரப்பிச் சமப்படுத்தி உள்ளதா பாருங்கள். பழைய கம்பியாக இருந்தால் சுவருக்குள் புதைந்த பகுதியின் துருவைப் பாருங்கள். அறைக்குள் தெரியும் பகுதி பளபளப்பாகத்தான் இருக்கும்.

விரிசல்வாசி

இதற்கு நேர் எதிரான பாடம்தான் ரிங் பீம், அதாவது சுவர்களின் மேல் வளையமாகச் சுற்றிவரும் கான்கிரீட் உத்தரம். 1979 வால்நெரீனா நிலநடுக்கத்துக்குப் பிறகு உம்பிரியாவில் மரத்தளத்தைப் பிய்த்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டார்கள், கல்சுவரின் மேல்பாதியைக் குடைந்து ரிங் பீம் ஓட்டினார்கள். அப்போதைய விதியும் கணக்குமுறையும் அதையே விரும்பின. தளம் விறைப்பானால் விசை எல்லாச் சுவருக்கும் சீராகப் பங்கிடப்படும் என்று மென்பொருள் சந்தோஷப்பட்டது. 1997இல் செல்லானோ போன்ற ஊர்களில் விளைவு தெரிந்தது. கீழே உளுத்த கல், மேலே கனத்த விறைப்பான பெட்டி. பீம் அப்படியே நிற்க, அதன் அடியில் இருந்த சுவர் வெளியே தெறித்தது. சுவரைக் குடைந்ததில் பீம் உள்தோலில் மட்டும் உட்கார, வெளித்தோலுக்கு மேலிருந்து எடையே இல்லாமல் போயிற்று. எடை இல்லாத கல்லைப் பிடிக்க உராய்வும் இல்லை.

அதனால் ஒரு வீட்டில் கான்கிரீட் கூரையோ ரிங் பீமோ பார்த்தால் "வலுப்படுத்தப்பட்டது" என்று நல்ல மதிப்பெண் போட வேண்டாம். கீழுள்ள சுவர் கட்டுத்தரத்தில் தேறினால் மட்டும் அது பலம். தேறாவிட்டால் அதுவே முதல் குறை.

சாரம்கட்டி

அப்படியானால் நோர்சியா? 2016 அக்டோபர் 30 அன்று 6.5 அளவு நிலநடுக்கம் ஊருக்குப் பக்கத்திலேயே மையம். வீடுகள் பெரும்பாலும் நின்றன என்கிறார்கள். அங்கேயும் 1979க்குப் பிறகு இதே வேலைதானே நடந்தது?

விரிசல்வாசி

நல்ல கேள்வி, விடை ஒற்றை இல்லை. நோர்சியா 1859இலேயே இடிந்த ஊர். அடுத்த ஆண்டே அப்போதைய போப் அரசு கட்டட ஒழுங்கு கொண்டுவந்தது. உயரத்தைக் கட்டுப்படுத்தியது, சரிந்த அடிமுட்டுகளை வலியுறுத்தியது. அதனால் இன்றும் அந்த ஊர் வீடுகள் குட்டை. அமாத்ரிசே சுவரைவிட ஒரு மாடி குறைந்தாலே தடிப்பு ÷ உயரம் கூடிவிடும். அதன்மேல் 1979க்கும் 1997க்கும் பிறகு இரண்டு சுற்றுப் பழுதுபார்ப்பு. சுவரையும் சேர்த்துத் திருத்திய இடங்களில் பலன் தெரிந்தது.

தேவாலயங்களைப் பாருங்கள். அதே ஊர், அதே நாள், புனித பெனடிக்ட் பசிலிக்காவின் முகப்பு நிற்க, பின்னால் பெரும்பகுதி இடிந்து போயிற்று. உயரமான, நடுவில் தளமே இல்லாத சுவர்களுக்கு வீட்டின் கணக்கு பொருந்தாது. அதனால்தான் தேவாலயங்களுக்கு இத்தாலியில் 28 இடியும் முறைகள் கொண்ட தனிப் படிவம் இருக்கிறது. உயிரிழப்பு இல்லாததற்குக் காரணம் வேறு: அக்டோபர் 26இன் அதிர்வுகளுக்குப் பிறகு ஆபத்தான வீடுகளை மக்கள் காலி செய்திருந்தார்கள். இதைக் கட்டடத்தின் பெருமையில் சேர்க்கக் கூடாது.

தூக்குக்குண்டு

தேவாலயம் என்றதும் அசீசி வளைவுக்கூரையைச் சொல்லாமல் விட முடியாது. 1997 செப்டம்பர் 26இல் மேல் பசிலிக்காவின் வளைவு விழுந்து நால்வர் இறந்தனர். வளைவின் தோள்களில் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த உதிரி நிரப்பு, உடைந்த ஓடும் சல்லியும், குலுங்கும்போது ஒரு பக்கமாக இறங்கி வளைவை நெளித்தது. வீடுகளிலும் இது உண்டு, தரைத்தள வளைவுக்கூரையின் மேல். மதிப்பீட்டுக்குப் போகிறவர் மாடித்தரையில் ஒரு செங்கல் பெயர்த்து அடியில் நிரப்பு எவ்வளவு ஆழம், கெட்டியா உதிரியா என்று பார்க்க வேண்டும். படிவத்தில் "வளைவுக்கூரை: உண்டு" என்று டிக் போட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

சாரம்கட்டி

சரி, என் சுவருக்கே திரும்புகிறேன். இரண்டு தோல், ஊடுகல் இல்லை என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சிமென்ட் கிரவுட் (துளை வழியாக உள்ளே செலுத்தும் கூழ்) அடித்து ஒட்டவைத்துவிடலாமா?

நீறுசாந்து

சிமென்ட் வேண்டாம். பழைய சாந்தில் ஜிப்சம் இருந்தால் சிமென்ட்டோடு சேர்ந்து சில வருடத்தில் ஊதிச் சுவரையே பிளக்கும். உப்பும் பூச்சில் பூக்கும். இயற்கை நீர்ச்சுண்ணாம்பு அடிப்படையிலான கிரவுட் எடுங்கள்.

ஆனால் அதற்கும் முன், உள்ளே இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். நிரப்பு கல்சில்லும் வெற்றிடமுமாக இருந்தால் கிரவுட் ஓடும், அட்டவணையும் ஒழுங்கற்ற கல்லுக்கு வலிமையை இரட்டிப்பாக எடுத்துக்கொள்ள விடுகிறது. நிரப்பு மண்ணாக இருந்தால் கிரவுட் துளையைச் சுற்றி முஷ்டி அளவு கட்டியாக நின்றுவிடும், சுவர் முன்போலவே இருக்கும். பில் மட்டும் வரும். முதலில் ஒரு சதுர மீட்டரில் சோதனையாக அடித்து, கெட்டியான பிறகு பக்கத்தில் துளையிட்டுப் பாருங்கள். கீழிருந்து மேலே போகவேண்டும், அழுத்தம் 1 முதல் 2 பாருக்குள். அதற்கு மேல் போனால் நீங்களே தோலைத் தள்ளிப் பிரித்துவிடுவீர்கள். மண்சாந்துச் சுவரை முன்கூட்டித் தண்ணீர் விட்டுக் கழுவுவதிலும் கவனம், இருக்கும் பிடிப்பும் கரைந்து போகும்.

ஊடுகல்

மண் நிரப்புக்கு ஊடுகல்லைப் பிறகு வைப்பதே வழி. பழுதுபார்ப்புக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 13935 சொல்லும் முறை கில்லாரிக்குப் பிறகு மராட்டியக் கிராமங்களுக்காகவே பழக்கப்பட்டது. பூச்சை உரித்து, ஒரு கல்லைக் கடப்பாரையால் மெல்ல அசைத்து எடுத்து (அடிக்கக் கூடாது, அசைக்க வேண்டும்), நிரப்பைக் கையால் விலக்கி, எதிர்ப்பக்கக் கல்லையும் எடுத்து, சுமார் 75 மி.மீ துளையை ஊடுருவச் செய்து, இரு முனையும் அகலமாக விட்டு, 8 மி.மீ கொக்கிக் கம்பி வைத்து, கான்கிரீட் நிரப்புவது. கிடைமட்டத்திலும் செங்குத்திலும் 1 மீட்டர் இடைவெளி, அடுத்த வரிசையை அரை மீட்டர் தள்ளி. பத்து நாளாவது நீர் தெளித்து ஆறவிடவேண்டும். இத்தாலியில் இதையே வைரமுனைத் துளைக்கருவியால் செய்கிறார்கள், நோக்கம் ஒன்றுதான். ஆனால் ஈரத் துளைப்பு மண்சாந்துச் சுவரில் வேண்டாம், உலர் துளைப்பு மட்டும்.

ஒரே நாளில் ஒரே வரிசையில் எல்லாத் துளையும் போடக் கூடாது. ஒன்றை முடித்து, கான்கிரீட் இறுகியபின் பக்கத்துத் துளைக்குப் போகவேண்டும்.

சாரம்கட்டி

இரண்டு தோல் பிடிபட்டு, ஒவ்வொரு தளத்திலும் குறுக்குச் சுவருக்கு இரண்டு கம்பி என்று போட்டுப் பார்த்தேன். 0.20 ÷ 1.35 × 2 = 0.296. தேவை 0.30. விகிதம் 0.99. ஊடுகல் வைக்காமல் கம்பி மட்டும் என்றால் அந்த 0.99ஐ எழுதக் கூடாது, சரிதானே?

தூக்குக்குண்டு

எழுதக் கூடாது. அப்புறம் 0.99 உங்கள் இலக்கே இல்லை. சாதாரணக் குடியிருப்புக்கு இத்தாலிய விதி கேட்கும் "மேம்பாடு", இருக்கும் விகிதத்தை 0.1ஆவது உயர்த்துவது. பள்ளிக்கு 0.6. தொகுதியில் ஏழு வீட்டுக்காரர்களும் ஒத்துவராமல் நீங்கள் ஒருவர் மட்டும் 0.99க்குப் போனால், விறைப்பான உங்கள் வீடு பக்கத்து வீட்டை இடிக்கும். ஏழு வீட்டையும் 0.5க்குக் கொண்டுவரும் திட்டம் அதைவிட மேல். முகட்டின் 1.4ஐ இன்னும் சேர்க்கவில்லை என்பதையும் பாருங்கள்.

சாரம்கட்டி

கடைசியாக ஒன்று. உட்பார்வைக் கேமராவுக்குத் துளை எங்கே, எவ்வளவு?

ஊடுகல்

20 மி.மீ அளவில், சுத்தியல் இயக்கத்தை அணைத்துவிட்டுச் சுழற்சியில் மட்டும். கல்லில் போடாமல் இணைப்பில் போடுங்கள். 60 செ.மீ சுவருக்கு 50 வரை போனால் உள்தோலின் முதுகு தெரியும். தூளைத் தண்ணீரால் கழுவாமல் காற்றால் ஊதுங்கள். துளைக்கருவி திடீரென எதிர்ப்பில்லாமல் உள்ளே போகும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அது வெற்றிடம். ஒரு சுவருக்கு மூன்று துளையாவது: தரைத்தளத்தில் ஒன்று, மேல்தளத்தில் இரண்டு. மேல்மாடி பின்னால் கூட்டிக் கட்டியதாக இருந்தால் அதன் உட்கட்டு கீழே இருப்பதுபோல் இருக்காது, கவிழத் தொடங்குவதும் அங்கேதான்.